எச்சில் தின்பது சிங்கமா, கழுதைப்புலியா?

கானகன்: "கழுதைப்புலிக்கு வேட்டையாடத் துப்பில்லை, சிங்கத்தின் எச்சிலில் பிழைக்கும் பிராணி" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. தான்சானியாவின் இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தில், 1960களில் விலங்கியலாளர் ஹான்ஸ் குரூக் நிலவொளியில் வண்டிக்குள் உட்கார்ந்து இரவிரவாகப் பார்த்தார். வரிக்குதிரையை அடித்தவை புள்ளிக் கழுதைப்புலிகள். அவற்றின் கூச்சல் கேட்டு வந்து பிடுங்கிக்கொண்டது உங்கள் ராஜா. விடிந்து வரும் சுற்றுலாப் பயணிக்குத் தெரிவதெல்லாம் தின்னும் சிங்கமும், சுற்றி நிற்கும் கழுதைப்புலியும்தான்.

வேங்கைநாடன்: எழுதியவன் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்திலுள்ள செரெங்கெட்டிச் சமவெளியில் அவை செத்ததையும் நிறையவே தின்கின்றன என்று எழுதியவரும் அதே குரூக்தான். அந்தப் பக்கத்தை மட்டும் கரையான் அரித்துவிட்டதோ?

கானகன்: பள்ளத்தில் அடித்தது யார்?

நிலாமுற்றம்: பிடுங்கித் தின்பது எச்சிலா, திருட்டா? இருவரும் முதலில் அதைச் சொல்லிவிட்டுச் சண்டை போடலாமே.

கானகன்: அகராதி பிறகு, அம்மா. அடித்தது யார்?

மலையடிவாரம்: எங்கள் மசினகுடிப் பக்கம் கழுதைப்புலி செத்த மாட்டைத்தான் இழுக்கும். கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

கானகன்: ஐயா, நீங்கள் பார்த்தது வரிக் கழுதைப்புலி. இனமே வேறு. முதுமலையைக் கொண்டுபோய் ஆப்பிரிக்காவில் ஒட்டாதீர்கள்.

வேங்கைநாடன்: வரியோ புள்ளியோ, நாய் நாய்தானே.

கானகன்: நாயா! அது நாய்க் குடும்பமே அல்ல. பூனைக்கும் கீரிக்கும்தான் நெருக்கம். போன மாதம் சிவிங்கிப்புலிப் படத்தைப் போட்டுச் சிறுத்தை என்றவர்தானே நீங்கள்?

வேங்கைநாடன்: அந்தப் பழங்கணக்கை இன்னும் முடிந்து வைத்திருக்கிறீர்களா? 1994இல் செரெங்கெட்டிச் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயில் மடிந்தது. அதைப் பற்றி ஒரு வரி எழுதியதுண்டா? எப்போதும் கழுதைப்புலிக்கே வக்காலத்து.

கானகன்: வேறு யார் வாங்குவார்கள்? கென்யாவில் மாட்டைப் பறிகொடுத்தவர்கள் செத்த மாட்டில் பூச்சிமருந்தைத் தடவி வைக்கிறார்கள். சிங்கம், கழுதைப்புலி, பிணந்தின்னிக் கழுகு எல்லாம்தான் சாகின்றன. சிங்கத்துக்கு மட்டும் ஊரே அழுகிறது. பேச்சை மாற்றியது போதும். அடித்தது யார்?

வேங்கைநாடன்: எழுதியதை நீக்க மாட்டேன்.

கானகன்: நீக்கச் சொல்லவில்லை. பள்ளத்தில், இரவில், அடித்தது யார்?

மலையடிவாரம்: அப்படியென்றால் நான் பார்த்தது பொய்யா?

நிலாமுற்றம்: என் கேள்வி இன்னும் மேலேயே கிடக்கிறது.