ரெண்டரிங் நிரலைச் சுருக்கியபின், புகை வந்ததும் மற்றப் பொருள்கள் மறைந்துவிடுகின்றன

கேள்வி:
சி பிளஸ் பிளஸ் மொழியில், ஓப்பன்ஜிஎல் 3.3 கொண்டு எழுதப்பட்ட முப்பரிமாண விளையாட்டு ஒன்றின் ரெண்டரிங் (காட்சியைத் திரையில் வரையும்) பகுதியை எளிமைப்படுத்தி வருகிறேன். மரம், கதாபாத்திரம், புகை, திரைமேல் வரும் எழுத்து என ஒவ்வொரு கிளாஸுக்கும் தனி டிரா ஃபங்ஷன் இருக்கிறது. அது தொடக்கத்தில் பிளெண்டிங் (புதிய நிறத்தைப் பழையதோடு கலப்பது), டெப்த் டெஸ்ட் (தொலைவை ஒப்பிட்டு, மறைந்திருப்பதை வரையாமல் விடுவது) முதலிய ஓப்பன்ஜிஎல் நிலைகளைத் தனக்கேற்ப மாற்றி, முடிவில் பழைய நிலைக்கே திருப்பிவிடும். அடுத்து வரைவதும் தனக்கு வேண்டியதை மாற்றிக்கொள்ளத்தானே போகிறது என்று, திருப்பும் வரிகளையெல்லாம் நீக்கினேன். இப்போது புகை தோன்றும்வரை காட்சி சரியாக இருக்கிறது. அதற்கடுத்த ஃபிரேமிலிருந்து பின்னணி நிறமும் புகையும் எழுத்தும் மட்டுமே எஞ்சுகின்றன. கேமராவை நகர்த்தினால் பொருள்களின் சில துண்டுகள் மட்டும் தோன்றி மறைகின்றன. பிழைகளைச் சொல்லும் ஜிஎல் கெட் எரர் ஃபங்ஷன் எதையும் காட்டவில்லை. நீக்கிய வரிகளைத் திரும்பச் சேர்ப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில் 1:
புகையின் டிரா ஃபங்ஷன் டெப்த் மாஸ்க்கை (டெப்த் பஃபரில், அதாவது ஒவ்வொரு பிக்சலின் தொலைவையும் வைத்திருக்கும் நினைவகத்தில், எழுத அனுமதிக்கும் சுவிட்சை) அணைக்கிறதா? டெப்த் டெஸ்ட்டின் ஒப்பீட்டு விதியான டெப்த் ஃபங்ஷன் ‘லெஸ்’ (பழைய மதிப்பைவிடச் சிறியது மட்டும்) என்றிருந்தால் ‘லெஸ் ஈக்வல்’ (சமமானதும்கூட) ஆக்கிப் பார்த்துச் சொல்லுங்கள். இது தீர்வன்று, சோதனை மட்டுமே.

கேட்டவர்:
ஆம், அணைக்கிறது. ‘லெஸ் ஈக்வல்’ வைத்தால், கேமரா அசையாதவரை எல்லாம் தெரிகிறது. அசைந்தால் மீண்டும் சிதைகிறது.

பதில் 2:
அப்படியானால் காரணம் உறுதி. டெப்த் மாஸ்க் பொருள்களை வரைவதை மட்டுமல்ல, பஃபர்களை அழிக்கும் ஜிஎல் கிளியரையும் கட்டுப்படுத்துகிறது. புகை அதை அணைத்துவிட்டுப் போக, அடுத்த ஃபிரேமின் தொடக்கத்தில் நீங்கள் அழைக்கும் கிளியர் நிறத்தை மட்டும் அழித்து, டெப்த் பஃபரில் முந்தைய ஃபிரேமின் மதிப்புகளை அப்படியே விட்டுவிடுகிறது. அதே மரம் அதே தொலைவில் மறுபடி வரையப்படும்போது, பழைய மதிப்பைவிடச் சிறியதாக இல்லாமல் அதற்குச் சமமாக இருப்பதால், ‘லெஸ்’ சோதனையில் தோற்கிறது. புகையோ எதற்கேனும் முன்னால் நிற்பதால் தேறிவிடுகிறது. கலர் மாஸ்க்கும் (நிறம் எழுதுவதற்கான சுவிட்ச்) சிசர் டெஸ்ட்டும் (வரைவதை ஒரு செவ்வகத்துக்குள் அடக்குவது) கூட கிளியரை இவ்வாறே கட்டுப்படுத்தும், காட்சி திரையில் விழும் பகுதியைக் குறிக்கும் வியூபோர்ட் கட்டுப்படுத்தாது. விதிப்படி இதில் தவறேதும் இல்லை என்பதால் கெட் எரர் வாய் திறக்காது. ரெண்டர்டாக் என்ற பிழைதேடும் கருவியில் ஒரு ஃபிரேமைப் பிடித்து, கிளியருக்கு முன்னும் பின்னும் டெப்த் பஃபரை ஒப்பிட்டால் கண்ணாலேயே காணலாம்.

உடனடித் தீர்வு, கிளியருக்கு முன்னால் மாஸ்க்குகளை இயக்கி, சிசரை அணைப்பது. ஆனால் மரத்தின் ஃபங்ஷனும் டெப்த் மாஸ்க்கைத் தானாக இயக்காததால், புகைக்குப் பின் மரம் வரையப்படும் நாளில் வேறொரு வடிவில் இதே தொல்லை வரும். திருப்பும் வரிகளை நீக்கியது சரியான திசைதான். அதன் மறுபாதி, ஒவ்வொரு டிராவும் தனக்குத் தேவையான நிலையை முழுமையாக அறிவிப்பது. டெப்த் டெஸ்ட், டெப்த் மாஸ்க், பிளெண்டிங், கல்லிங் (பின்பக்க முகங்களை வரையாமல் விடுவது), ஷேடர் (கிராஃபிக்ஸ் அட்டையில் ஓடும் சிறு நிரல்) ஆகியவற்றை ஒரே ஸ்ட்ரக்டில் வைத்து, முன்பு அமைத்ததோடு ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் அழைக்கும் ஃபங்ஷன் ஒன்றை எழுதுங்கள். ஜிஎல் ஸ்டேட்டை வேறு எவரும் தொடக்கூடாது. 2016இல் வந்த வல்கன் என்ற கிராஃபிக்ஸ் இடைமுகம், இவற்றுள் பெரும்பாலானவற்றை பைப்லைன் என்ற ஒரே பொருளில் கட்டிவைத்ததும் இந்த நோக்கில்தான். ஜிஎல் கெட் கொண்டு பழைய நிலையைக் கேட்டுச் சேமித்துத் திருப்பும் வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன். டிரைவரைக் காக்கவைக்கக்கூடியது என்பதோடு, யார் எதை மாற்றினார் என்ற குழப்பத்தையும் அது அப்படியே காப்பாற்றுகிறது.

பதில் 3:
கிளாஸ்கள் தாமே வரையாமல், மெஷ் (வடிவம்), மெட்டீரியல் (மேற்பரப்பின் தோற்றம்), மேட்ரிக்ஸ் (இருக்கும் இடமும் திசையும்) மூன்றையும் ஒரு பட்டியலில் சேர்க்கட்டும். ரெண்டரர் முதலில் ஒளிபுகாதவற்றையும், பிறகு ஒளிபுகுபவற்றையும், கடைசியில் எழுத்தையும் வரையட்டும். முதல் வகையை ஷேடர் வாரியாகத் தொகுக்கலாம். இரண்டாம் வகையைத் தொலைவிலிருந்து அருகாக மட்டுமே வரிசைப்படுத்த வேண்டும். நெருப்புக்குக் கூட்டல் பிளெண்டிங்கும் புகைக்குச் சாதாரண பிளெண்டிங்கும் வைத்திருந்தால், ஆல்ஃபாவை (ஒளிபுகாமையின் அளவை) நிறத்தோடு முன்கூட்டியே பெருக்கிவைத்து, ‘ஒன், ஒன் மைனஸ் சோர்ஸ் ஆல்ஃபா’ என்ற ஒரே முறையில் இரண்டையும் வரையலாம்: ஆல்ஃபா சுழியமாக இருக்கும் இடத்தில் அது தானாகவே கூட்டலாகிவிடும். 64 பிட் சார்ட் கீ (வரையும் வரிசையை ஒரே எண்ணில் அடக்குவது) போன்ற ஏற்பாடுகள் அளந்துபார்த்துத் தேவைப்பட்டால் மட்டும் போதும்.

கேட்டவர்:
கிளியருக்கு முன் மாஸ்க்கை இயக்கியதும் காட்சி சரியாகிவிட்டது. ஸ்ட்ரக்ட் முறைக்கு மாற்றத் தொடங்கிவிட்டேன். மெனுவை வரைய வெளி லைப்ரரி ஒன்றைப் பயன்படுத்துகிறேன். அதுவும் ஸ்டேட்டை மாற்றுமே, என்ன செய்வது?

பதில் 2:
அந்த லைப்ரரியை அழைத்தவுடன் உங்கள் ஒப்பீட்டு நகலை, அதாவது முன்பு அமைத்த நிலைகளின் பதிவை, ‘தெரியாது’ என்று குறித்துவிடுங்கள். அடுத்த டிரா எல்லாவற்றையும் புதிதாக அமைத்துக்கொள்ளும். மெனு ஃபிரேமுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால் இதன் செலவு பொருட்படுத்தத்தக்கதன்று.