ஸ்விட்ச் கருவிக்கு வேறு நிறுவனத்தின் டாக் வாங்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது 2017ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் நிண்டெண்டோ ஸ்விட்ச் என்னும் வீடியோ கேம் கருவி. அதை டிவியுடன் இணைக்கும் டாக்கின் எச்டிஎம்ஐ துளை, என் மகன் ஒயரை இழுத்து இழுத்தே தளர்ந்துவிட்டதால், அசல் டாக்கின் விலையில் பாதிகூட இல்லாத, உள்ளங்கையில் அடங்கும் சிறிய டாக் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். முதல் நாளே அரை மணி நேர ஆட்டத்தில் டிவித் திரை இரண்டு முறை கருத்து மீண்டது. டாக்கின் அடிப்பகுதி கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. உடனே கழற்றி வைத்துவிட்டேன்.

பிறகு தேடிப் படித்தபோதுதான், 2018 மார்ச்சில் வந்த 5.0 மென்பொருள் புதுப்பிப்புக்குப் பின், வேறு நிறுவன டாக்குகளில் வைத்த சில ஸ்விட்ச் கருவிகள் அடியோடு செயலிழந்தன என்பது தெரிந்து வயிறு கலங்கியது. எவ்வளவு மின்சாரம் தேவை என்று டைப்-சி வழியாகக் கருவியும் டாக்கும் பேசி முடிவு செய்யும் முறையைச் சில தயாரிப்புகள் ஒழுங்காகப் பின்பற்றுவதில்லை என்பதே பலர் கூறும் விளக்கம்.

அசல் அடாப்டரில் 15 வோல்ட், 2.6 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது. 15 வோல்ட் தரும் 45 வாட் பிடி (பவர் டெலிவரி, அதாவது கருவியுடன் பேசித் தேவையான மின்சாரத்தைத் தரும் முறை) சார்ஜர் இருந்தால் மட்டும் போதுமா, அல்லது டாக்கிலேயே வேறு ஏதேனும் பார்த்து வாங்க வேண்டுமா? உறை, கண்ணாடி ஒட்டு போன்றவற்றில் எனக்குக் கவலையில்லை; மின்சாரம் பாயும் பொருள்களில்தான் தயக்கம். வேறு நிறுவன டாக்கை ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தியவர்கள், எந்தச் சார்ஜருடன் பயன்படுத்தினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.