54வது மாசசூசெட்ஸ் படை ஏன் சம்பளம் வாங்கவில்லை?

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பினத் தன்னார்வலர்களை வைத்து 1863இல் திரட்டிய இந்தக் காலாட்படை மாதக்கணக்கில் சம்பளமே வாங்கவில்லையாமே, ஏன்?

பதில் 1: வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், இவர்களுக்கு 10, அதிலும் உடுப்புக்கு 3 பிடித்தம். சமச் சம்பளம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள், அதனால் குறைந்த சம்பளத்தை வாங்க மறுத்துவிட்டார்கள். மிச்சத்தை மாசசூசெட்ஸ் மாநில அரசே தருகிறோம் என்றபோதும் வேண்டாம் என்றார்கள், வீட்டில் குடும்பம் கஷ்டப்படும்போது அப்படி நிற்பது லேசான காரியமா?

பதில் 2: சம்பளமில்லாமலேதான் எதிரிகளான தென்மாநிலப் படையின் வாக்னர் கோட்டைமேல் ஏறினார்கள், 1863 ஜூலை 18. படைத் தலைவர் கர்னல் ராபர்ட் ஷா மதிலிலேயே இறந்து விழுந்தார். படையின் சார்ஜென்ட் வில்லியம் கார்னி உடம்பெல்லாம் காயத்தோடு கொடியைத் தரையில் படவிடாமல் கொண்டுவந்தார், அவருக்குப் பதக்கம் கொடுத்ததோ 1900இல்!

கேட்டவர்: சரி, அப்புறம் பாக்கி கிடைத்ததா?

பதில் 1: கிடைத்தது. 1864 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்ட பிறகு, முழுசாக.