7,000 பவுண்டு டிரெய்லருக்கு ஃபோர்டு எஃப்-150 போதுமா, எஃப்-250தான் வேண்டுமா?

வணக்கம். அமெரிக்காவில் பிக்கப்பில் டிரெய்லர் இழுப்பவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

சாமானும் தண்ணீரும் ஏற்றினால் டிரெய்லர் 7,000 பவுண்டு. இழுவைத் திறனை மட்டும் பார்த்தால் எஃப்-150க்கு இது பெரிய விஷயமில்லை. சிக்கல், வண்டி தன்மேல் தாங்கும் எடையில்தான். ஹிட்ச்சை, அதாவது டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் கொக்கியை, அழுத்தும் எடை டிரெய்லர் எடையில் 13 சதவீதம் என்றால் 910 பவுண்டு. ஓட்டுநரோடு நான்கு பேர் 600, எடையைப் பகிரும் ஹிட்ச் 100, பின்தொட்டிச் சாமான் 150. ஆக 1,760. ஓட்டுநர் கதவோரத்து மஞ்சள் ஸ்டிக்கரிலோ, வசதிகள் கூடிய நான்கு கதவு மாடல்கள் பலவற்றில் 1,500 சுற்றித்தான் இருக்கிறது. டிரெய்லரில் சாமானைப் பின்னால் தள்ளி வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். ஹிட்ச் எடை 10 சதவீதத்துக்குக் கீழே போனால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் பாம்பாக நெளியும்.

எஃப்-250 தாங்கும். ஆனால் நான்கு கதவு, குட்டைத் தொட்டி வண்டியே 250 அங்குலம்; 20 அடி கராஜில் கதவு மூடாது. காலியாக ஓட்டினால் தூக்கிப் போடும். இழுப்பது மாதம் இரண்டு முறை, மற்ற நாளெல்லாம் ஆபீஸும் பள்ளியும்தான்.

ஸ்டிக்கரில் 1,900க்கு மேல் உள்ள எஃப்-150 வைத்திருப்பவர்களே, எந்த எஞ்சின், எந்த மாடல்? பெட்ரோல் எஃப்-250ஐ தினமும் ஓட்டுபவர்களுக்கு நகரத்தில் என்ன மைலேஜ் வருகிறது? ஸ்டிக்கர் படம் போட்டால் பெரிய உதவி.