சைலன்சர் ஸ்டட் முறிந்து மரையும் போனவர்கள், உங்கள் கதையைச் சொல்லுங்கள்

உப்புக்காற்று, தூத்துக்குடி:

ஏர்கூல்டு 150 சிசி வண்டி, நல்ல பழசு. ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் பட்டாசு வெடிக்கிற மாதிரி சத்தம், எஞ்சின் ஹெட்டும் சைலன்சரின் பெண்ட் பைப்பும் சேருகிற இடத்தில் கறுப்பாகப் புகைக்கறை. கேஸ்கெட்தான் போயிருக்கும் என்று பக்கத்துக் கடையில் விட்டேன். பையன் 10 நம்பர் ஸ்பேனரை மாட்டி ஒரு அழுத்து அழுத்தினான், டக். பைப்பை ஹெட்டோடு பிடிக்கிற கீழ்ப்பக்க ஸ்டட் (தலையில்லாத, இரண்டு முனையிலும் மரையுள்ள போல்ட்) ஹெட்டோடு மட்டமாக முறிந்துவிட்டது. சரி, எங்கள் ஊர் உப்புக்காற்றில் இது நடக்கிறதுதான், அதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் நடந்ததுதான் கோபம். கடைக்காரர் முறிந்த ஸ்டட்டில் கையால் பிடித்த டிரில்லில் ஒரு ஓட்டை போட்டார், அதுவும் கோணலாக. அதில் ஈஸி அவுட்டை (முறிந்த போல்ட்டைத் திருகி எடுக்கிற கருவி) அடித்து இறக்கித் திருகினார். அதுவும் உள்ளே முறிந்தது.

யோசித்துப் பாருங்கள், 6 மிமீ முழு ஸ்டட்டே திருகும்போது முறிந்திருக்கிறது, அதாவது மரையில் துரு அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதற்குள் போட்ட 3 மிமீ ஓட்டையில் நுழையும் ஒரு ஒல்லிக் கம்பி அதை எப்படிச் சுழற்றும்? போதாததற்கு ஈஸி அவுட் கூம்பு வடிவம், இறங்க இறங்க ஸ்டட்டை உள்ளிருந்து விரித்து மரையோடு இன்னும் இறுக்கும். முறிந்தால் அது கெட்டிப்படுத்தின எஃகு, சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருக்கிற அலுமினியத்தைத்தான் தின்னும். என் ஹெட்டில் பாதி மரை அப்படித்தான் போனது.

கடைசியில் ஹெட்டையே கழற்றி, மில்லிங் மெஷின் வைத்திருக்கிற ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஹெட்டைச் சரியாகக் கிளாம்ப் பண்ணி, கார்பைடு கட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி ஈஸி அவுட்டைப் பொடித்து எடுத்தார்கள். பிறகு ஹெலிகாயில், அதாவது போன மரைக்குப் பதிலாக உள்ளே திருகி வைக்கிற கம்பிச்சுருள். ஹெட் கேஸ்கெட், டைமிங் செயின் மறுபடி செட் பண்ணுவது என்று செலவு எங்கேயோ போய்விட்டது. ஒரு நட்டை வெல்டிங் வைத்திருந்தால் டீ குடிக்கிற நேரத்தில் முடிந்திருக்கும் என்று பட்டறைக்காரர் சொன்னபோது வயிறு எரிந்தது.

பழைய இரும்பு, சென்னை:

பட்டறைக்காரர் சொன்னது நிஜம். எனக்கு ஒருமுறை அப்படித்தான் வெளியே வந்தது. முறிந்த ஸ்டட்டின் மேல் கொஞ்சம் பெரிய நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியாக நடுவில் வெல்டிங் நிரப்பினார் எங்கள் தெரு வெல்டர். அந்த வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது, அதனால் ஹெட்டுக்குப் பெரிய பயமில்லை. உண்மையில் வேலை செய்கிறது வெல்டிங்கின் சூடுதான். ஸ்டட் பழுக்கச் சூடாகி, விரிந்து, ஆறும்போது சுருங்குகிறது, துருவின் பிடி அங்கே உடைகிறது. சிவப்பு மறைந்ததும் ஸ்பேனரைப் போட்டு முன்னும் பின்னும் கால் சுற்று ஆட்டினார், வந்துவிட்டது. முதல் நட் பிய்ந்துகொண்டு வந்தால் மனம் தளராமல் இன்னொன்று வையுங்கள், பல சமயம் இரண்டாவது மூன்றாவதில்தான் இளகும்.

இரண்டு எச்சரிக்கை. பளபளப்பான துத்தநாகப் பூச்சு நட் வேண்டாம், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. இன்னொன்று, பேட்டரி வயரைக் கழற்றுங்கள், எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டியானால் இசியூ (எஞ்சினின் கம்ப்யூட்டர்) இணைப்பையும். எர்த் கிளாம்பை ஹெட்டிலேயே மாட்டச் சொல்லுங்கள், சேஸிஸில் மாட்டினால் கரண்ட் வேண்டாத பாகங்கள் வழியாகப் போகலாம்.

முறிகிறதுக்கு முன்னாடியே மாட்டிக்கொண்டவர்களுக்கு: முந்தின ராத்திரி துரு இளக்கும் ஆயிலை அடித்து வையுங்கள். காலையில் ஹெட்டை ஸ்டட்டைச் சுற்றிச் சூடு பண்ணுங்கள், அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். அந்தச் சூட்டில் மெழுகுவத்தியைத் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். ஆயில் ஈரத்தோடேயே நெருப்பைக் காட்டாதீர்கள், முதலில் நன்றாகத் துடையுங்கள். எம்-சீல் பசையை வைத்துப் புகைக் கசிவை அடைக்கிற ஆட்களும் உண்டு, எக்ஸாஸ்ட் போர்ட் (ஹெட்டில் புகை வெளியேறும் வழி) சூட்டில் அது எத்தனை நாள் நிற்கும், நீங்களே சொல்லுங்கள்.

லேத்காரன், கோவை:

மரை போனவர்களுக்கு மட்டும் என் பக்கத்தைச் சொல்கிறேன், தினமும் கையில் வருகிற வேலை. பெரிய சைஸ் டேப் (மரை வெட்டும் கருவி) அடித்துப் பெரிய போல்ட் போடுவது எனக்குப் பிடிக்காது, பிளாஞ்ச் (பைப் முனையில் ஸ்டட் நுழைகிற தகடு) ஓட்டையையும் பெரிதாக்க வேண்டும், அடுத்த முறை மரை போனால் வெட்ட இடமே இருக்காது. ஹெலிகாயில்தான் என் தேர்வு. எம்6 (6 மிமீ மரை) என்றால் 6.3 மிமீ பிட், எம்8 என்றால் 8.3 அல்லது 8.4, அதற்கென்று செட்டில் வருகிற டேப்தான் அடிக்க வேண்டும், சாதாரண டேப் உதவாது. காயிலை மேல்மட்டத்துக்கு அரைச் சுற்று கீழே நிறுத்தி, அடியில் இருக்கிற காதை (காயிலைத் திருகி இறக்கப் பிடிக்கிற வளைந்த முனை) உடைத்து மறக்காமல் வெளியே எடுங்கள்.

வேலை கெடுகிறது டிரில்லில்தான். பெரும்பாலும் அது அடி மூடிய ஓட்டை, ஆழம் தெரியாமல் இறக்கினால் போர்ட்டுக்குள் போய்விடும். பிட்டில் ஆழத்துக்கு ஒட்டுகிற டேப்பைச் சுற்றி அடையாளம் வையுங்கள். ஹெட் வண்டியிலேயே இருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு மூடிய நிலையில் எஞ்சினை நிறுத்திப் போர்ட்டில் கிரீஸ் தடவின துணியை அடையுங்கள். மண்ணெண்ணெய் விட்டு மரை டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. ஓட்டை கொஞ்சம் சாய்ந்தாலும் ஸ்டட்டின் வெளியே நீட்டுகிற முனை பிளாஞ்ச் ஓட்டையில் சரியாக நுழையாது, அப்புறம் அதைச் சுத்தியால் தட்டி நேராக்குவார்கள், கதை மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

உப்புக்காற்று:

லேத்காரன் அண்ணே, ஒரு சந்தேகம். புது ஸ்டட்டை ஸ்டெயின்லெஸ் ஆகப் போடலாமா? அடுத்த மழைக்காலமும் இதே வேலையென்றால் என்னால் ஆகாது.

லேத்காரன்:

போடலாம் தம்பி, ஆனால் ஸ்டெயின்லெஸ் நட் ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டில் சூட்டில் கடித்துக்கொள்ளும். ஸ்டட் எதுவானாலும் நட் பித்தளையாக இருக்கட்டும், இரண்டு பக்க மரையிலும் செம்பு கலந்த ஆன்டி-சீஸ் (மரை பிடித்துக்கொள்ளாமல் காக்கிற பசை) தடவுங்கள். ஸ்டட்டை இரண்டு நட் ஒன்றோடொன்று இறுக்கி அதைப் பிடித்து ஏற்றுங்கள், பிளையர் வேண்டாம். எம்6 நட்டுக்கு 10 நியூட்டன்மீட்டர் சுற்று வட்டாரம் போதும், உங்கள் மேனுவலில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.

இன்னொன்று கவனித்தேன். சைலன்சரின் பின்பக்க பிராக்கெட் போல்ட் உங்கள் வண்டியில் இருக்கிறதா? என்னிடம் வருகிற பாதி வண்டியில் அது லூஸ், இல்லாவிட்டால் ரப்பர் புஷ் செத்திருக்கும். அப்போது முழுச் சைலன்சரும் அந்த இரண்டு ஸ்டட்டில் தொங்கி ஆடுகிறது, துருவைவிட இதுதான் சீக்கிரம் முறிக்கிறது. மாட்டும்போது புது கேஸ்கெட் வைத்து, இரண்டு பக்கமும் கையால் லூஸாகப் பிடித்துவிட்டு, ஹெட் பக்க ஸ்டட் நட்டை மாற்றி மாற்றி இறுக்கி, பிறகுதான் பின் போல்ட். கொஞ்ச தூரம் ஓடி ஆறினதும் நட்டை இன்னொரு தடவை பாருங்கள்.

உப்புக்காற்று:

பார்த்தேன் அண்ணே. பின் போல்ட் இல்லை, அந்த இடத்தில் யாரோ கட்டுக்கம்பி சுற்றி வைத்திருக்கிறார்கள்.