ஹோட்டல் வேலையில் கிறிஸ்துவின் அன்பு: நடந்ததை எழுதுங்கள்

வேலூர், சப்ளையர்:

ஹோட்டல் வேலையில் இருக்கிற விசுவாசிகள் நம்மில் நிறையப் பேர். சாப்பிட வருகிறவர்களிடமும் கூட வேலை பார்க்கிறவர்களிடமும் கிறிஸ்துவின் அன்பைக் காட்ட வேண்டும் என்று சொல்கிறோம். மதியம் 1 மணிக் கூட்டத்தில், இலை எடுக்க ஆள் இல்லாத நேரத்தில் அது எப்படி இருக்கும்? ஒவ்வொருவரும் நடந்ததை எழுதினால் புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கச்சிகளுக்கு உதவும். நான் ஆரம்பிக்கிறேன்.

எங்கள் ஹோட்டல் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. வேலூருக்கு வந்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பகுதியில் எங்கு பார்த்தாலும் வங்காளத்தில் போர்டு இருக்கும். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். லாட்ஜில் ரூம் எடுத்து அடுப்பு வைத்துத் தாங்களே சமைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அதற்கு முடியாதவர்கள் எங்களைப் போன்ற கடைக்கு வருவார்கள். வந்ததும் விலைப் பலகையைத்தான் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரிச் செலவு போகக் கையில் என்ன மிஞ்சும் என்ற கணக்கு முகத்திலேயே ஓடும்.

"ஒரு சாப்பாட்டை இருவர் பகிர்ந்து சாப்பிட அனுமதி இல்லை" என்று பல கடைகளில் பார்த்திருப்பீர்கள். எங்கள் கடையிலும் உண்டு, வங்காளத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறோம். கேட்கக் கேட்கப் போடுகிற சாப்பாடு என்பதால் முதலாளி அப்படி வைத்ததைத் தப்பு சொல்ல முடியாது. ஒரு நாள் வயதான கணவன் மனைவி வந்து உட்கார்ந்தார்கள். அந்த அம்மா தனக்கு வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார், ஐயாவுக்கு மட்டும் ஒரு சாப்பாடு. அவர் ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அப்பளத்தை மெதுவாக மனைவி பக்கம் நகர்த்தினார். அந்த அம்மா போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்பளத்தைத் திரும்ப இலைக்கே தள்ளிவிட்டார். நான் கல்லாவுக்குப் போய், "அண்ணே, அந்த அம்மா சாப்பாட்டை என் கணக்கில் எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவருக்கும் ஒரு இலை போட்டேன்.

ஆனால் எல்லோருக்கும் என் சம்பளத்தில் சாப்பாடு போட முடியாதே. அதனால் இப்போது அப்படிப்பட்டவர்கள் உள்ளே வரும்போதே பார்சல் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன். பார்சல் சாப்பாட்டில் சோறு இரண்டு பேருக்குத் தாராளமாக வரும், சாம்பார், ரசம், மோர் எல்லாம் தனித்தனிக் கவரில் இருக்கும், லாட்ஜில் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம். முதலாளிக்கும் நஷ்டமில்லை. அவர் சபரிமலைக்கு மாலை போடுகிறவர், நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று ஒருமுறை கேட்டார், சொன்னேன். இப்போது அவரே கல்லாவில் இருந்தபடி, "பார்சல் வாங்கிக்கோங்க தாதா, ரெண்டு பேருக்கு வரும்" என்கிறார். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்.

அப்புறம் காரம். ஆபரேஷன் ஆனவருக்குக் காரம் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருப்பார், இவர்களுக்கு அதைத் தமிழில் சொல்லத் தெரியாது. "ஜால் கொம்" என்றால் காரம் கம்மி. இந்த ரெண்டு சொல்லைத் தோசை மாஸ்டர் வரைக்கும் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

1900ல் ஒரே ஒரு கட்டிலோடு அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கினார் ஐடா ஸ்கடர் அம்மையார். "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" என்ற மாற்கு 10:45 தான் அதன் குறிக்கோள். உள்ளே டாக்டருக்கும் நர்ஸுக்கும் உள்ள வசனம், வெளியே சாம்பார் வாளி தூக்குகிற எனக்கும் உண்டு என்றுதான் நினைக்கிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு போட்ட கையோடு நான் சுவிசேஷக் கைப்பிரதி நீட்டுவதில்லை. பசியும் பயமுமாக இருக்கிறவரிடம் அப்படிச் செய்தால், போட்ட சோற்றுக்கு விலை கேட்பது போல் ஆகிவிடும். அவர்களாகக் கேட்டால் சொல்வேன். தன் மகன் பெயரைப் பில் தாளின் பின்னால் எழுதி, உங்கள் சாமியிடம் சொல்லுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு.

மதுரை, ஹால் சூப்பர்வைசர்:

அண்ணன் வாடிக்கையாளரைப் பற்றி எழுதிவிட்டார், நான் பின்கட்டைப் பற்றி எழுதுகிறேன். எந்த ஹோட்டலிலும் மாஸ்டருக்கு ஒரு மரியாதை இருக்கும், அவர் கோபித்துக்கொண்டு போனால் கடை நின்றுவிடும். சப்ளையரை நாலு பேருக்குத் தெரியும், டிப்ஸ் வரும். பாத்திரம் கழுவுகிற அக்காவை யாருக்கும் தெரியாது. காலை 7 மணியிலிருந்து சோப்புத் தண்ணீரிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் கை ஊறி, விரலிடுக்கில் வெள்ளை பூத்து, தோல் உரிந்து, கீழே தேங்கிய தண்ணீரில் காலிலும் சேற்றுப்புண். நான் இந்தக் கடையில் சேர்ந்தபோது அவர்கள் பெயர்கூட ஹாலில் யாருக்கும் தெரியவில்லை, "ஏய் தட்டு" என்று குரல் கொடுப்பார்கள்.

முதல் வேலையாகப் பெயர் சொல்லி "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தேன், மற்றப் பிள்ளைகளையும் அப்படியே கூப்பிட வைத்தேன். ரப்பர் கையுறையும் பூட்ஸும் வாங்கித் தரச் சொல்லி மேனேஜரை விடாமல் கேட்டு வாங்கினேன். கையுறை போட்டால் தட்டு வழுக்குகிறது என்று அவர்கள் முதலில் கழற்றிப் போட்டுவிட்டார்கள், உள்ளங்கையில் சொரசொரப்பு உள்ளதாக மாற்றிக் கொடுத்ததும்தான் போட்டுக்கொண்டார்கள். ஒருவருக்கு நல்லது செய்கிறோம் என்றால் அது அவருக்குத் தோதாக இருக்கிறதா என்று கேட்டுச் செய்ய வேண்டும், நமக்குத் தோன்றியதைக் கொடுத்துவிட்டுத் திருப்திப்பட்டுக்கொள்ளக் கூடாது.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் சட்டத் திருத்தம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? கேரளாவில் அதற்கு முன்பே, 2018ல் வந்துவிட்டது. அந்தச் செய்தியைக் காட்டித்தான் பின்கட்டில் ரெண்டு ஸ்டூல் கேட்டேன். வாசலில் ஆர்டருக்காகக் காத்து நிற்கிற ஸ்விக்கி, சொமேட்டோ தம்பிகளுக்கு ஒரு பெஞ்சும் தண்ணீர்க் கேனும் கேட்டேன். ஸ்டூல் வந்தது. பெஞ்ச் இன்னும் வரவில்லை, தண்ணீர்க் கேன் மட்டும் வந்திருக்கிறது. கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

"வசனத்தினாலும் நாவினாலுமல்ல, கிரியையினாலும் உண்மையினாலும் அன்புகூரக்கடவோம்" என்று 1 யோவான் 3:18ல் இருக்கிறது. எனக்கு அதற்கு அர்த்தம் அந்த ஸ்டூல்தான்.

ஆம்பூர், பிரியாணிக் கடை உதவி மாஸ்டர்:

சுருக்கமாக எழுதுகிறேன். எங்கள் மாஸ்டர் பாய் ரமலான் மாதம் முழுக்க நோன்பு வைத்துக்கொண்டே அடுப்பில் நிற்பார். விறகு அனலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் நிற்பது என்ன என்று பக்கத்தில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். நோன்பில் அவர் உப்பு பார்க்க மாட்டார். அதனால் அந்த மாதம் உப்புப் பார்ப்பது என் வேலை. தம் போடுவதற்கு முன்னால் கரண்டியில் கொஞ்சம் மசாலாவை எடுத்து என் உள்ளங்கையில் விடுவார், நான் நக்கிப் பார்த்துச் சொல்வேன், அவர் என் முகத்தைப் பார்த்தே ஒரு கைப்பிடி சேர்ப்பார். அவர் பேரைத் தாங்கி நிற்கிற சட்டியை என் நாக்கை நம்பி விடுகிறார், அதை நான் அலட்சியமாகச் செய்யவே முடியாது. சாயங்காலம் பாங்கு சொல்கிற நேரத்தில்தான் பார்சல் கூட்டம் மொய்க்கும். அப்போது அண்டாப் பக்கம் நான் போய் நின்றுகொள்வேன், அவர் உட்கார்ந்து பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் சாப்பிட்டுத் தொழுதுவிட்டு வருவார்.

புனித வெள்ளிக்கு எனக்கு லீவு வேண்டும் என்று நான் இதுவரை வாயைத் திறந்து கேட்டதில்லை. அவரே முதலாளியிடம் சொல்லிவைத்துவிடுவார்.

பாளையங்கோட்டை, சப்ளையர்:

நான் கொஞ்சம் கசப்பான விஷயம் எழுதப் போகிறேன், யாரும் வருத்தப்படாதீர்கள். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குடும்பம் குடும்பமாக ஹோட்டலுக்குத்தான் வருவார்கள். கையில் வேதாகமம் இருக்கும். சில நேரம் எங்கள் சப்ளையர்களே அந்த டேபிளுக்கு நீ போ நீ போ என்று தள்ளிவிடுவார்கள். விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவது, இப்போதுதான் பதினாறு வயது முடிந்த கிளீனர் பையனை "டேய்" என்பது, குழந்தை கொட்டியதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி எழுந்து போவது, பரோட்டா ஐந்து நிமிஷம் தாமதமானால் மேனேஜரைக் கூப்பிடு என்பது. எல்லோரும் அப்படி இல்லை. ஆனால் கூட வேலை பார்க்கிறவர்கள் என்னைப் பார்த்து, "உங்க ஆளுங்கதானே அண்ணாச்சி" என்று கேட்கும்போது எனக்குப் பதில் இல்லை.

யாக்கோபு 2ம் அதிகாரத்தில் பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இடமும் கந்தை கட்டியவருக்குக் கீழே இடமும் கொடுப்பதைப் பற்றி எழுதியிருக்கிறதே, அதை ஹோட்டலில் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும். ஏசி ஹாலுக்கு ஒரு முகம், வெளியே நின்று டீ குடிக்கிற லோடுமேனுக்கு ஒரு முகம் என்று நாங்கள் சப்ளையர்களும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கும் அதே அதிகாரம்தான்.

நல்லதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஐயரம்மா (போதகரின் மனைவி) ஒருவர் சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகளைக் கொண்டே மேசையில் சிந்தியதைக் கூட்டி இலையில் போடச் சொல்வார். போகும்போது கிளீனர் பையனிடம் நின்று, "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்பார். மணி 3 ஆனாலும் அந்தப் பையன் சாப்பிட்டிருக்க மாட்டான். ஒருமுறை அவன் இல்லை என்றதும் மேனேஜரிடமே போய், "இவன் சாப்பிட்டதும் நாங்க கிளம்புறோம்" என்று உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கிளீனர்களுக்கு 2 மணிக்குச் சாப்பாடு.

கோயம்புத்தூர், கேஷியர்:

கோபமாக வருகிறவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கல்லாவில் எல்லாக் கோபமும் கடைசியில் என்னிடம்தான் வந்து சேரும். போன மாதம் ஒருவர் காபி ஆறிப்போய்விட்டது என்று பில்லைக் கசக்கி என் முகத்தில் எறிந்தார். வேறு காபி போடச் சொன்னேன், டபராவைத் தொட்டுச் சூடு பார்த்து நானே கொண்டுபோய் வைத்தேன், காசு வாங்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை, குடித்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கு வீட்டில் என்ன கஷ்டமோ என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். கஷ்டமே இல்லாமலும் இருக்கலாம். காரணம் தெரிந்தால்தான் பொறுத்துக்கொள்வேன் என்றால் "அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது" என்று வாசிப்பதில் பலனில்லை.

ஆனால் ஒன்று, சப்ளையர் பிள்ளைகள் மேல் கை வைக்க வருகிறவரிடமும், பெண் பிள்ளைகளிடம் தப்பாகப் பேசுகிறவரிடமும் நான் பொறுமை காட்ட மாட்டேன். எழுந்து போய் நடுவில் நின்று, வெளியே போங்கள் என்று சொல்லிவிடுவேன். அதுவும் அன்புதான், அந்தப் பிள்ளைகள் மேல்.

மார்த்தாண்டம், சின்ன ஹோட்டல் நடத்துகிறேன்:

எல்லோரும் வேலை பார்க்கிற பக்கமிருந்து எழுதியிருக்கிறீர்கள், சம்பளம் கொடுக்கிற பக்கமிருந்தும் ஒன்று இருக்கட்டும். நானும் என் கணவரும் எட்டு மேசை போட்ட கடை நடத்துகிறோம், கூட ஐந்து பேர். "கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்பது லேவியராகமம் 19:13. எங்கள் கடையில் சனிக்கிழமை ராத்திரி கடை மூடியதும் ஐந்து பேருக்கும் வாரச் சம்பளத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை காணிக்கைக் கவரில் பணம் வைப்போம். வியாபாரம் குறைந்த வாரங்களில் கவர் மெலிந்து போகும், சம்பளம் குறையாது. முதலாளியாக இருக்கிற விசுவாசிகளுக்குச் சொல்கிறேன், ஆட்களுக்கு ரெண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்துவிட்டு ஆலயக் கட்டட நிதிக்குப் பெரிய தொகை எழுதாதீர்கள். யாக்கோபு 5:4ல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று எழுதியிருக்கிறது.

சாப்பாடும் அப்படித்தான். மிஞ்சினதை ஆட்களுக்குப் போடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. மீன் குழம்பு வைத்தால் அவர்களுக்கு உள்ள துண்டை முதலிலேயே எடுத்து மூடிவைத்துவிடுவேன். உயிர்த்தெழுந்த ஆண்டவரே கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் வைத்து, ராத்திரி முழுக்க வலை வீசிக் களைத்து வந்தவர்களை "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று கூப்பிட்டாரே, யோவான் 21. வேலை செய்து வந்தவர்களுக்குச் சுடச்சுடத்தான் இருந்தது.

பாளையங்கோட்டை, சப்ளையர்:

அக்கா, ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா? எங்களுக்கு ஞாயிறுதான் பெரிய வியாபாரம், ஆராதனைக்குப் போய் மாதக்கணக்காகிறது.

மார்த்தாண்டம், சின்ன ஹோட்டல் நடத்துகிறேன்:

காலையில் இல்லை தம்பி, சாயங்காலம் 4 மணிக்குத்தான் திறப்போம். பெரிய கடையில் அது நடக்காது, எனக்குத் தெரியும். இந்து அண்ணன்மார் யாராவது இருந்தால் மாற்றிக்கொண்டு பாருங்கள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர்களுக்குப் பதிலாக நான் நிற்கிறேன் என்று முதலில் நீங்களே சொல்லுங்கள். எங்கள் கடையில் ஐந்து பேரில் மூன்று பேர் இந்துக்கள். அவர்கள் ஊர் அம்மன் கோயில் கொடை விழா வந்தால் மூன்று பேருக்கும் ஒரே நாளில் லீவு வேண்டும், கொடுத்துவிடுவோம், சம்பளமும் பிடிப்பதில்லை. அன்றைக்குத் தோசைக் கல்லில் என் கணவர் நிற்பார், நான் பரிமாறுவேன். கொஞ்சம் தாமதமாகத்தான் ஆகும், வழக்கமாக வருகிறவர்கள் விஷயம் தெரிந்து அவர்களே தண்ணீர் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.