பைத்தான் + எஸ்க்யூலைட்: 9 வரை வேலை செய்யுது, 10-லிருந்து எரர்

கேள்வி:
வணக்கம். உறுப்பினர் எண்ணை இன்புட்டில் வாங்கி டேபிளில் தேடுற சின்ன ஸ்கிரிப்ட். 1 முதல் 9 வரை எது கொடுத்தாலும் பெயர் சரியா வருது. 12 கொடுத்தா "1 பைண்டிங் தேவை, 2 வந்திருக்கு"ன்னு எரர் (பைண்டிங்னா கேள்விக்குறி இடத்துக்குப் போற மதிப்பு). 105-க்கு "3 வந்திருக்கு". குவெரியில் ஒரே ஒரு கேள்விக்குறிதான். எக்ஸிக்யூட்டுக்கு இரண்டாவதா (எண்) கொடுக்கிறேன். இன்ட்டா மாத்தினா, பாராமீட்டர் வகையே ஒத்துக்காதுன்னு வேற எரர்.

பதில் 1:
கேள்விக்குறியை விடுங்க. எஃப்-ஸ்ட்ரிங்கில் எண்ணை நேரா சொருகிடுங்க, ஓடும்.

பதில் 2:
ஓடும்தான், ஆனா வேண்டாம். எண் கேட்கிற இடத்தில் ஒருத்தர் "0 ஆர் 1=1"னு அடிச்சா மொத்த டேபிளும் வெளியே வந்துடும்.

சிக்கல் கமாவில் இருக்கு. (எண்) டப்பிள் (மதிப்புகளோட தொகுப்பு) கிடையாது, வெறும் அடைப்புக்குறி. உள்ளே போறது ஸ்ட்ரிங். அதை எஸ்க்யூலைட் மாட்யூல் எழுத்து எழுத்தா பிரிச்சு எடுத்துக்குது. "12"ன்னா இரண்டு மதிப்பு, "105"ன்னா மூணு. "7" ஒரே எழுத்துங்கறதால தப்பிச்சுது. (எண்,) போடுங்க. [எண்] போட்டாலும் சரி; நான் லிஸ்ட்தான் போடுவேன், அந்தக் கமா கண்ணில் படாம போயிடும்.

கேட்டவர்:
வந்துடுச்சு, நன்றி! இன்னொண்ணு. முகவரியை அப்டேட் பண்ணி உடனே செலக்ட் பண்ணா புதுசு தெரியுது, ஸ்கிரிப்ட்டை மறுபடி ஓட்டினா பழசு. நடுவில் இன்புட்டுக்காக நிக்கும்போது இன்னொரு டெர்மினலில் இருந்து எழுதினா, கொஞ்சம் யோசிச்சுட்டு "டேட்டாபேஸ் லாக்ட்".

பதில் 2:
இரண்டுக்கும் காரணம் ஒண்ணுதான், கமிட் (மாற்றத்தை நிரந்தரமா சேமிக்கிறது) இல்லை. இன்சர்ட், அப்டேட், டெலீட்டுக்கு முன்னாடி மாட்யூல் தானாவே டிரான்ஸாக்‌ஷனைத் திறந்துடும். முடிக்கிறது உங்க வேலை. அதே கனெக்‌ஷனுக்கு மாற்றம் தெரியும், கமிட் இல்லாம மூடினா போயிடும். அதுவரை எழுதும் பூட்டும் உங்க கையில்தான். அடுத்தவர் காத்திருந்தது டீஃபால்ட் டைம்அவுட், 5 விநாடி. அதைக் கூட்டி சமாளிக்காதீங்க.

"வித் கனெக்‌ஷன்" பிளாக்கில் எழுதுங்க: சரியா முடிஞ்சா கமிட், எக்ஸெப்ஷன் வந்தா ரோல்பேக் (மாற்றத்தை ரத்து பண்றது). ஆனா கனெக்‌ஷனை அது மூடாது, க்ளோஸ் தனியா வேணும். இன்புட்டை பிளாக்குக்கு வெளியே வைங்க.

பதில் 1:
சரி, லைக் தேடலில் (ஒரு பகுதியை மட்டும் வச்சுத் தேடறது) '%?%'னு எழுதினா 0 பைண்டிங்னு சொல்லுதே? அதனாலதான் எஃப்-ஸ்ட்ரிங்குக்குப் போனேன்.

பதில் 2:
மேற்கோளுக்குள்ள இருக்கிற கேள்விக்குறி வெறும் எழுத்து. குவெரியில் தனியா ? மட்டும் வைங்க, சதவீதக் குறிகளை மதிப்போட ஒட்டி அனுப்புங்க.